அமலராணி போட்ட எட்டு

எங்கள் லேபில் வேலை பார்க்கும் அமலராணி அக்காவிடம் ஏழு எல்.எல்.ஆர். இருக்கிறது. வண்டி ஓட்டிப் பழகிக்கொள்ள ஆறு மாதத்துக்குச் செல்லும் என்று கொடுப்பார்களே, அந்தக் காகிதம்தான். ஊரில் மற்றவர்கள் ஒன்று வாங்குவார்கள். ஒரு மாதம் கழித்து ஆர்.டி.ஓ. மைதானத்துக்குப் போய், தரையில் எட்டு மாதிரி வளைத்துப் போட்ட பாதையில் கால் ஊன்றாமல் வண்டியைச் சுற்றிக் காட்டி, பாஸாகி வீட்டுக்கு வருவார்கள். அக்கா பதினோரு வருஷத்தில் ஏழு காகிதம் வாங்கினாள். எட்டு போட ஒரு தடவைகூடப் போகவில்லை.

ஏழையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் பத்திரமாக வைத்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எப்போதாவது எடுத்துக் காட்டுவாள். முதல் காகிதத்தின் போட்டோவில் முப்பத்தைந்து வயது, முடி கறுகறுவென்று இருக்கும். நாலாவதில் கண்ணாடி வந்துவிட்டது. ஆறாவதில் டை அடித்திருக்கிறாள். ஏழாவதில் அதையும் விட்டுவிட்டாள்.

"பாத்தியா சுபா, நமக்கு வயசாவறத கவர்மெண்டு முத்திரையோட யாராச்சும் இப்டி வரிசையா வெச்சுகினு கீறாங்களா?" என்று கேட்டுவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

என் பெயர் சுப்ரஜா. முழுசாகச் சொல்ல அக்காவுக்கு நேரம் வந்ததில்லை. குரோம்பேட்டை ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ரத்தப் பரிசோதனை லேப் அது. அங்கே பில் போடுவது என் வேலை. எட்டரைக்கு வரச் சொன்னால் எட்டேகாலுக்கே வந்து கதவைத் திறக்கிற ரகம் நான். கரண்ட் பில், காஸ் புக்கிங், எல்லாம் முதல் நாளே முடித்துவிடுவேன். இப்படிப்பட்ட என்னைக் கொண்டுவந்து இந்த மனுஷிக்கு எதிர் நாற்காலியில் ஒன்பது வருஷம் உட்கார வைத்தது யார் செய்த சதியோ தெரியவில்லை.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். வேலையில் அக்கா எதையும் தள்ளிப்போட்டதில்லை. ரத்தம் எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் இரண்டு கையிலும் மூன்று இடத்தில் குத்திவிட்டு அனுப்பும் நோயாளிகள் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். "எப்பம்மா குத்துவே?" என்று அவர்கள் கேட்கிற நேரத்தில் அவள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள்.

வண்டி ஓட்டத் தெரியாதவளும் இல்லை. பம்மலில் வீட்டிலிருந்து மாதா கோவில் வரைக்கும் மகள் ஏஞ்சலின் ஸ்கூட்டரை ஜம்மென்று ஓட்டிப்போவாள். அக்கா முதல் எல்.எல்.ஆர். எடுத்தபோது ஏஞ்சல் மூன்றாம் வகுப்பு. போன வருஷம் அந்தப் பெண் காலேஜ் சேர்ந்து, எல்.எல்.ஆர். எடுத்து, முப்பத்தைந்தாவது நாள் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டது. அக்காவுக்கு ரோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். "வூட்டுக்கு ஒரு லைசென்ஸ் வந்துடுச்சு இல்ல, இன்னும் இன்னாத்துக்கு அவசரம்?" என்று லட்டு கொடுத்தாள்.

தள்ளிப்போட அவள் கையில் எடுத்த ஆயுதம் எங்கள் லேபின் தினசரி காலண்டர். அது என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறது. தினமும் காலையில் தாளைக் கிழிப்பது நான். கிழித்த பிறகு அதைப் படிப்பது அவள். ஞானஸ்நானம் வாங்கின நாளிலிருந்து பூசை தவறாத கத்தோலிக்கப் பெண், ராகு காலம், எமகண்டம், கரிநாள், சூலம் என்று அத்தனையும் எங்கள் வீட்டுக்குப் புரோகிதம் பார்க்கும் வாத்தியாரைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

"அக்கா, இன்னைக்கு டெஸ்டுக்கு ஸ்லாட் போட்டுடலாமா?"

"இன்னிக்கு கீழ்நோக்கு நாள்னு போட்டுகீது. கீழதான் வுழுவேன்."

"வியாழக்கிழமை மேல்நோக்கு நாள்."

"அன்னிக்குப் போனா ஒரேடியா மேல போயிடுவேன். ஏஞ்சலு படிப்பு பாக்கி கீது."

"சரி, சனிக்கிழமை சமநோக்கு நாள். பேலன்ஸ் நல்லா வரும்."

"அன்னிக்கு சந்திராஷ்டமம்."

"எந்த ராசிக்கு? உங்க ராசி என்ன?"

"எனுக்கு ராசி ஏது? நான் பொறந்த நேரத்த எவன் எழுதி வெச்சான்? அதான் எதுக்கு வம்புன்னு பன்னெண்டு ராசிக்கும் சேத்து பாத்துகினு கீறேன்."

சந்திராஷ்டமம் என்றால் அந்த ராசிக்காரருக்கு ஆகாத நாள். எந்தத் தாளைக் கிழித்தாலும் பன்னிரண்டில் ஏதோ ஒரு ராசிக்கு அது இருந்தே தீரும். அக்கா கணக்குப்படி உலகத்தில் நல்ல நாள் என்று ஒன்று கிடையாது.

இதற்கு மேல் அவளுடைய சொந்தக் கணக்கு வேறு. தவக்காலம் நாற்பது நாளும் புதுசாக எதையும் தொடங்கக் கூடாதாம். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோவில், புதன்கிழமை நவநாள். ஆடி மாதத்தை எங்கள் மேல் உள்ள மரியாதைக்காக விட்டுக்கொடுத்துவிடுவாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் முடிவதற்குள் மார்கழி தொடங்கிவிடுவதில் அவளுக்கு ஏக சந்தோஷம். ஒரு நாள் கூட்டம் இல்லாத மத்தியானம், கோபம் தலைக்கேறி, காலண்டரையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சொல்லச் சொல்ல ஆகாத நாட்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சியது பிப்ரவரி இருபத்தொன்பது. அந்த வருஷம் அந்தத் தேதியே கிடையாது. கோபப்படத்தான் உட்கார்ந்தேன், இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததில், ரிப்போர்ட் வாங்க வந்தவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

கொரோனா சமயத்தில் எல்லா லைசென்ஸ் காகிதங்களுக்கும் அரசாங்கம் கெடுவை நீட்டித்துக்கொண்டே போனது. அக்கா அந்தச் செய்தியைப் போனில் என்னிடம் மூன்று முறை வாசித்துக் காட்டினாள். தள்ளிப்போடும் விஷயத்தில் டெல்லியே தன் பக்கம் வந்துவிட்ட பெருமை அவள் குரலில் இருந்தது.

இப்படியே போயிருக்கும். போன ஜூலையில் லேபுக்குப் புது மெஷின் வந்தது. நாலு பேர் நின்று பார்த்த வேலையை அது ஒன்றே பார்த்துவிடும். லேபை நடத்தும் டாக்டர் சுந்தரராமன் அதிகம் பேசாத மனிதர். அக்காவை உள்ளே கூப்பிட்டார். பில்லில் கையெழுத்து வாங்கப் போன நானும் அங்கே நின்றேன்.

"அமலா, பெருங்களத்தூர் பக்கம் புது ஃபிளாட்டெல்லாம் வந்துடுச்சு. பிள்ளைங்க வெளிநாட்டுல, வயசானவங்க தனியா இருக்காங்க. வெறும் வயித்துல ரத்தம் குடுக்க இங்க வரைக்கும் வர முடியல. வீட்டுக்கே போய் எடுக்கறதுக்கு ஒரு பிரிவு ஆரம்பிக்கிறேன். அதுக்குப் பொறுப்பு நீங்கதான்னு நினைச்சிருக்கேன். ஸ்கூட்டர் லேப் குடுக்கும். சம்பளமும் கூடும். ஆனா லைசென்ஸ் இல்லாம உங்களை ரோட்டுல விட மாட்டேன். செப்டம்பர் முடியறதுக்குள்ள வேணும். இல்லேன்னா வெளியிலேருந்து ஆள் போட்டுடுவேன்."

மெஷின் வந்ததில் லேபிலேயே ஆள் மிச்சம். அந்த ஆளும் வந்தால், பதினேழு வருஷமாக ஊசி பிடித்த அக்கா அந்த ஆளுக்குக் கீழே டியூப் கழுவி அடுக்க வேண்டியதுதான். அதை டாக்டர் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அக்கா வழக்கம்போல் வெளியே வந்து ஜோக் அடிப்பாள் என்று பார்த்தேன். நேராகப் போய் கையைக் கழுவினாள். சாயந்திரம் ஜி.எஸ்.டி. ரோட்டு டீக்கடையில் நின்றுகொண்டு, பஸ் சத்தத்துக்கு நடுவே, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"எனுக்கு வேணாம்னு இல்ல சுபா. ரொம்ப வேணும். அதான் பயமா கீது. அங்க அம்பது பேர் பாத்துகினு இருக்கசொல்ல கால வெச்சுட்டேன்னா, நான் ஃபெயிலு. இன்னி வரைக்கும் நான் ஃபெயிலு ஆவல இல்ல? போவாத வரைக்கும் ஆவ மாட்டேன்."

ஒன்பது வருஷமாக அவளைத் திட்டியதெல்லாம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் நான் உருகி நிற்கிற ரகமும் இல்லை. "போனைக் குடுங்க" என்று பிடுங்கினேன்.

ஏழாவது எல்.எல்.ஆர். செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதைத் தவறவிட்டால் எட்டாவது எடுத்து மறுபடி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், டாக்டர் சொன்ன கெடு தாண்டிவிடும். நான் ஸ்லாட் போட்டேன். அவள் மாற்றினாள். மறுபடி போட்டேன். மறுபடி ஏஞ்சலை விட்டு மாற்றினாள். கடைசியில் மிஞ்சியது அந்தக் கடைசி வெள்ளிக்கிழமையே, காலை பத்தரை மணி ஸ்லாட் ஒன்றுதான். அதைப் போட்டுவிட்டு, ஸ்லாட் போடுகிற கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றி வைத்தேன்.

அன்றைக்கு அரை நாள் பர்மிஷன் எடுத்துக்கொண்டு என் ஸ்கூட்டரில் பம்மல் போனேன். வாசலில் அக்காவின் வீட்டுக்காரர் சின்னப்பன் அண்ணா வேலைக்குக் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தார்.

"காலைல நாலு மணிலேருந்து வூட்டுக்கு ஒட்டடை அடிச்சுகினு கீது மேடம். கிறிஸ்மஸுக்குக்கூட இப்டி அடிச்சதில்ல. பேஜாராப் போச்சு. தயவு பண்ணி இட்டுகினு போங்க" என்றார்.

உள்ளே போனால், ஜன்னல் திரை ஒன்று விடாமல் கழற்றி வாளியில் ஊறப் போட்டிருந்தாள். அலமாரியில் இருந்த பாத்திரமெல்லாம் தரையில். அக்கா ஸ்டூலில் ஏறி ஃபேன் றெக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து துணியை வாங்கி அண்ணாவிடம் கொடுத்தேன். அவள் செருப்பு போட மறந்து வண்டியில் ஏறினாள். அதையும் அண்ணாதான் எடுத்து வந்து கொடுத்தார்.

மைதானத்தில் எங்களுக்கு முன்பே நல்ல கூட்டம். பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். பிரேக் இன்ஸ்பெக்டர் மரத்தடியில் நாற்காலி போட்டு, காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, சிரிக்கிற முகமில்லை. பத்தே முக்காலுக்கு "அமலராணி" என்றார்.

அக்கா அவர் பக்கத்தில் போய்க் குனிந்து மெதுவாக என்னவோ சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கழுத்திலிருந்த சிலுவையையும் பார்த்தார். காகிதத்தை எடுத்துக் கட்டின் அடியில் வைத்தார்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ராகு காலம் முடியட்டும்னேன்."

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அதைப் பார்க்க வேண்டிய வீட்டில் பிறந்த நான் பார்ப்பதில்லை. இவள் பார்க்கிறாளாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் அந்தப் பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்து விட்டுவிட்டேன்.

பிறகு நடந்ததை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். அக்கா ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். லேபில் ரத்தம் எடுக்கும் முன்னால் ஒருவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாளே, அதே பார்வை. ஒருவன் போனான், பாஸ். ஒரு பெண் போனாள், இரண்டாவது வளைவில் காலை வைத்தாள். அடுத்தவன் பெரிய பைக், அவனும் அங்கேயே வைத்தான். வைத்தவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவரவர் கவலை அவரவருக்கு. பதினொன்றரைக்கு இன்ஸ்பெக்டர் மறுபடி அவள் பெயரைக் கூப்பிட்டார். "இன்னும் அரை மணி கீது சார்" என்றாள் உட்கார்ந்தபடியே. அவர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி காகிதத்தை அடியில் சொருகினார்.

"சுபா, இதுவரைக்கும் இருவத்தாறு பேரு. ஒம்பது பேரு கால வெச்சுட்டாங்க" என்றாள் திடீரென்று. "ஒம்பது பேரும் அதே எடத்துலதான். ரெண்டாவது வளைவுல மண்ணு கொஞ்சம் சரிஞ்சுகீது பாரு. அங்க வந்தவொடனே முன் வீல பாக்கறாங்க. வீல பாத்தா வண்டி சாயுது."

"அப்ப எதைப் பார்க்கணும்?"

"நாங்க குத்தசொல்ல ஊசிய பாக்க மாட்டோம். நரம்பத்தான் பாப்போம். கை தானா போவும். அந்தப் பதினேழு பேரும் அப்டித்தான், போவவேண்டிய எடத்த பாத்துகினே திரும்பினாங்க."

எனக்கு லைசென்ஸ் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்கே தெரிந்ததும் இல்லை.

பன்னிரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு மைதானத்தில் மிச்சமிருந்தது நாங்கள் மட்டும்தான். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏம்மா, ராகு போயிட்டாரா? நான் சாப்பிடப் போகணும்."

"போயிட்டாரு சார்" என்று எழுந்தாள்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள். ஃபைலை என்னிடம் நீட்டினாள். வண்டி மெதுவாக உள்ளே நுழைந்தது. முதல் வளைவு சுலபமாகத் திரும்பியது. நடுவில் குறுக்கே வந்தது. இரண்டாவது வளைவில் மண் சரிந்திருந்த இடத்தில் பின் சக்கரம் லேசாக வழுக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நியாயமாகப் பார்த்தால் மூடியிருக்கக் கூடாது. ஒன்பது வருஷம் காத்திருந்த காட்சியின் முக்கியமான நொடியை நான் பார்க்கவில்லை. திறந்தபோது அவள் வளைவைத் தாண்டி, முகத்தை நிமிர்த்திக்கொண்டு, கால் இரண்டும் வண்டியில் ஒட்டினாற்போல் இருக்க, நடுவுக்கு வந்துகொண்டிருந்தாள்.

"சரிம்மா, போதும். பாஸ்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா நிறுத்தவில்லை. இரண்டாவது எட்டு போட்டாள். அவர் எழுந்து நின்று கையைக் காட்டினார். மூன்றாவது தொடங்கியது.

"அம்மா, பாஸுன்னு சொல்லிட்டேன். நிறுத்துங்க."

"ஒரு நிமிசம் சார், சூப்பரா வருது" என்று வளைவிலிருந்து சத்தம் வந்தது.

அப்போது அந்த மனுஷர் சிரித்தார். நான் கை தட்டினேன், கேட்டருகே டீ கொண்டுவந்தவரும் சேர்ந்து தட்டினார். நாலாவது எட்டு முடிந்த பிறகுதான் அக்கா வண்டியை ஸ்டாண்ட் போட்டு இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை.

"இவ்ளோதானா?" என்றாள். என்னைப் பார்த்தாள், மைதானத்தைப் பார்த்தாள். "இத்துக்கா சுபா பதினோரு வருசம்?"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தாள். நடுவில் எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. நானும் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கொன்றும் கூச்சமில்லை. என் வீட்டு விசேஷத்துக்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

டாக்டருக்குப் போன் போட்டாள். "டாக்டர், பாஸ். ஆமா டாக்டர், இன்னிக்குத்தான். திங்கக்கெழமையா? சரி டாக்டர்." வைத்துவிட்டு என்னிடம் சாவியைக் கேட்டாள். எல்.எல்.ஆர். அன்று ராத்திரி பன்னிரண்டு வரை செல்லும், பின்னால் லைசென்ஸ் உள்ள நான் இருக்கிறேன், சட்டப்படி குற்றமில்லை என்று அவளே சொன்னாள். சட்டம் முழுவதும் தெரிந்து வைத்திருக்கிறாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்ததும் குரோம்பேட்டைப் பக்கம் திரும்ப வேண்டியவள் எதிர்ப்பக்கம் திரும்பினாள். பெருங்களத்தூர். லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே ஒரே சீராகப் போனாள். டாக்டர் சொன்ன பெரிய ஃபிளாட் ஒன்றின் கேட்டில் போய் வண்டி நின்றது. செக்யூரிட்டி வழக்கம்போல் நோட்டை நீட்டினார். பெயர், வண்டி நம்பர், எந்த வீடு, எதற்காக. அக்கா பேனாவை வாங்கித் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். வண்டி நம்பரை என்னிடம் கேட்டு எழுதினாள். எதற்காக என்ற கட்டத்தில் 'ரத்தம் எடுக்க' என்று எழுதினாள்.

"யார் வூட்டுக்கும்மா?" என்றார் அவர்.

"இன்னிக்கு யார் வூட்டுக்கும் இல்லண்ணா. திங்கக்கெழம காலைல ஆறு மணிக்கு வருவேன். அப்புறம் தெனமும் வருவேன். மூஞ்ச நல்லா பாத்து வெச்சுக்கோ, அன்னிக்கு கேட்டுல நிக்க வெக்காத."

அவர் நோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா அவர் பார்த்து முடிக்கும் வரைக்கும் நின்று காட்டிவிட்டு, வண்டியைத் திருப்பினாள்.